சொட்டின்றிக் குறையும் சிவப்பெண்ணெய்: டர்போ ஹைட்ராமாட்டிக் 350 குறித்த ஓர் உரைமரபு ஆய்வு

ஆய்வுப் பொருள், ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல் கார்களில் கொண்டுவந்த மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி. ஆய்வுச் சிக்கல்: அரை நூற்றாண்டு வயதான வண்டி கியர் மாறத் தயங்குகிறது, மாறினால் ஆளையே தூக்கிப் போடுகிறது. பெட்டியின் எண்ணெய் குறைந்துகொண்டே போகிறது. ஆனால் தரையில் ஒரு சொட்டு இல்லை.

இத்துறைக்கு மூலநூல் எண்ணெய். டிப்ஸ்டிக் அதன் ஏடு. ஏட்டை வாசிப்பதிலேயே முதல் குழப்பம் தொடங்கிவிடுகிறது. எஞ்சினை அணைத்துவிட்டு வாசிப்போர் பலர். அது எஞ்சின் ஆயிலுக்கு உரிய மரபு, இங்கே செல்லாது. வண்டி சமதரையில் நின்று, எண்ணெய் சூடேறி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, லீவர் பார்க்கில் இருக்கும்போது எடுத்த வாசிப்பே சுத்தபாடம். அணைத்தபின் டார்க் கன்வெர்ட்டரிலிருந்து எண்ணெய் கீழே வடிந்துவிடுவதால் கூடித் தெரியும் அளவு, இடைச்செருகல்.

அடுத்தது நிறம். சிவப்பு நலம். பழுப்பும் கருகல் வாடையும் சேர்ந்தால் கிளட்ச் தகடுகள் தீய்ந்தன என்று பொருள். பால் கலந்தாற்போன்ற இளஞ்சிவப்பு, ரேடியேட்டருக்குள் எண்ணெயோடு கூலன்ட் கலந்ததைச் சொல்லும். (முகர்ந்து பார்க்கும் ஆய்வாளர் ஒன்றை அறிந்திருப்பது நல்லது: 1970களின் தொடக்கம்வரை இவ்வகை எண்ணெயில் திமிங்கில எண்ணெயும் சேர்ந்திருந்தது. அமெரிக்கா அதைத் தடைசெய்த பிறகு எண்ணெய்க் கம்பெனிகள் மாற்றுச் சரக்குக்கு அலைந்தன.)

எண்ணெய் கெட்டிருந்தால் மாற்றலாமா என்பதில் இரு கட்சிகள். மாற்றுவாதிகளுக்கு அதில் ஐயமே இல்லை. மாற்றாவாதிகளோ, பழைய எண்ணெயில் மிதக்கும் கிளட்ச் துகள்தான் பிடிப்பைத் தருகிறது, புதிது ஊற்றினால் பெட்டி வழுக்கும், அண்டை வீட்டார் வண்டி அப்படித்தான் போனது என்பர். துகள் எண்ணெயில் மிதக்கிறதென்றால் அது தகட்டில் இல்லை என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. சாகக் கிடந்தவர் வாயில் பால் ஊற்றியவரைக் கொலைகாரர் என்பது போன்ற வாதம் இது. மூன்றாம் கட்சி ஒன்றும் உண்டு: பெட்டியை இறக்கினால்தான் சொல்ல முடியும் என்பது அவர்கள் கொள்கை. வாதத்தில் வலுக் குறைவுதான், வருமானத்தில் இல்லை.

நம் சிக்கலுக்கு இம்மூவரும் விடை சொல்லவில்லை. ஆகவே நாமே ஒரு நூற்பா செய்தோம்:

சொட்டின்றிக் குறையின் குழலை நோக்குக.

இதன் உரை வருமாறு. இப்பெட்டியில் கியர் மாற்றம் என்பது இரு அழுத்தங்களுக்கு இடையிலான வழக்கு. வேகம் ஏற ஏற, கவர்னர் என்னும் சுழல் உறுப்பு மேல் கியருக்கு வாதாடும். ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்பதை எஞ்சினின் வெற்றிட அளவால் அறிந்து, ‘பொறு’ என்று எதிர்வாதம் செய்வது மாடுலேட்டர். தகர டப்பி, உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ஒரு குழாய்; அவ்வளவுதான் அதன் உடைமை. சவ்வு கிழிந்தால் வெற்றிடம் அதற்கு எட்டாது. மிதி அடியோடு அழுத்தப்பட்டதாகவே கொண்டு தாமதித்து, முரட்டுத்தனமாக மாற்றும். அதே கிழிசல் வழியே எஞ்சின் பெட்டியின் எண்ணெயை உறிஞ்சிக் குடித்து வெண்புகையாக வெளியேற்றும். புகையைக் கண்டவர் ஹெட் காஸ்கெட்டைப் பிரிக்கப் போய்விடுவார்.

‘சொட்டின்றி’ என்றதனால், சொட்டுவனவற்றுக்கு பான் காஸ்கெட், சீல் முதலியவற்றை நோக்குக என்பது பெறப்படும். ‘குழலை’ என்றதனால், மாடுலேட்டர் முனையில் ரப்பர் குழாயைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பதும் கொள்க. உள்ளே சிவப்பு ஈரம் இருந்தால் வழக்கு முடிந்தது. ஈரமின்றிக் குழாய் வெடித்திருந்தாலும் கியர் அதேபோல் முரண்டும். ஆனால் எண்ணெய் குறையாது, புகையாது. இவ்வேறுபாட்டைக் காணாமல் மாடுலேட்டர் வாங்கியோர் குழாய்க்காக மீண்டும் கடைக்கு நடப்பர்.

பரிகாரம் எளிது: ஒரு போல்ட், ஒரு கிளாம்ப், ஓ-ரிங்கோடு புது டப்பி. பிறகு குறைந்த எண்ணெயை, முன்சொன்ன சுத்தபாடத்தின்படி அளந்து ஊற்ற வேண்டும். இதன் பின்னும் கொஞ்ச காலம் வண்டி புகையும். எக்ஸாஸ்டில் தங்கிய எண்ணெய் எரிந்து தீரவேண்டுமல்லவா. மூன்றாம் கட்சிக்கு வாடிக்கையாளர் சேர்வது இந்த இடைவெளியில்தான்.