பட்டினி போட்டால் பூக்கும்

சேஜ் செடியை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். சோம்பேறிகளுக்கு இதைவிடத் தோதான செடி கலிபோர்னியாவில் கிடையாது.

2015-ல் இங்கே வறட்சி முற்றியபோது, நகரங்களின் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்கச் சொல்லி ஆளுநர் ஜெர்ரி பிரவுன் உத்தரவு போட்டார். புல்தரை காய்ந்தால் அது தேசபக்தி என்று ஆனது. எங்கள் வீட்டில் புல் போன இடத்தில் குடியேறியது கிளீவ்லாண்ட் சேஜ். சாம்பல் பூத்த இலை, அடுக்கடுக்காக ஊதாப்பூ. சொந்த ஊர் சான் டியேகோ பக்கத்து மலைச்சரிவுகள். அங்கே மழை குளிர்காலத்தில்தான். கோடை முழுக்க வறண்டு கிடக்கும். வேர் பிடிக்கும்வரை கொஞ்சம் கவனித்தால் போதும். அதன்பின் கோடை வெயிலில் மண்ணை ஈரமாகவே வைத்திருந்தால் வேர் அழுகிவிடும்.

இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்! அவர் தஞ்சாவூர்க்காரர். பேரன் பிறந்தநாள் மறந்தாலும் மேட்டூர் திறக்கும் ஜூன் 12 மறக்காது. வந்து இறங்கிய மறுநாளே ஹோஸும் கையுமாக நின்றார்.

"ஏன்டா, இதுக்குத் தண்ணியே காட்டறதில்லையா?"

"வேண்டாம்ப்பா, செத்துப்போயிடும்."

"தண்ணி ஊத்தினா சாகற செடியை இப்பத்தான்டா கேள்விப்படறேன். வாயில்லாத ஜீவனைப் பட்டினி போட்டுட்டுப் பேச்சைப் பாரு!"

அம்மா இலையைக் கசக்கி முகர்ந்தாள். "நம்ம துளசி, கற்பூரவல்லி வகையறாடா இது" என்றாள். தாவரவியலும் அதையேதான் சொல்கிறது. எல்லாம் ஒரே குடும்பம். 2017-ல் ரோஸ்மேரியையும் சேஜ் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அம்மாவின் அடுத்த கேள்வி: "ரசத்துல போடலாமா?" ஓரத்தில் நின்ற சமையல் சேஜைக் காட்டித் தப்பித்தேன்.

அப்பாவை வழிக்குக் கொண்டுவந்ததும் அந்தச் சமையல் சேஜ்தான். தேனுக்காகத் தேனீ தலையை நுழைத்ததும், பூவுக்குள் இருக்கும் நெம்புகோல் அசைந்து, மகரந்தப்பை மேலிருந்து இறங்கி அதன் முதுகில் ஒரு தட்டு தட்டும். அடுத்த பூ அந்த மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும். குழல் நீண்ட பூக்களிடம் மட்டும் தச்சுத்தேனீயின் தில்லுமுல்லு உண்டு. சுங்கச்சாவடியைச் சுற்றிக்கொண்டு போகும் லாரி மாதிரி, பூவின் அடியில் துளைபோட்டுத் தேனைக் குடித்துவிட்டு, மகரந்தம் சுமக்காமல் நழுவிவிடும். "திருட்டுப் பய" என்று நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார் அப்பா.

சிவப்புச் சேஜுக்கு வருவது அன்னா ஹம்மிங்பேர்ட். கட்டைவிரல் அளவுப் பறவை, வருஷம் பூரா இங்கேயே இருக்கும். "இதுக்கு மட்டும் விசா கிடையாதா?" என்றார், ஆறு மாதத்தில் ஊர் திரும்ப வேண்டிய அப்பா.

நீங்களும் வையுங்கள். இலையுதிர் காலத்தில், மழைக்கு முன்பாக நடுங்கள். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படட்டும்; தண்ணீர் தேங்காத மண்ணாக இருக்கட்டும். ஊரிலிருந்து அப்பா வருவதற்குள் ஹோஸைப் பூட்டி, சாவியை மறைத்துவிடுங்கள்.