பாவு மாறினாலும் கோப்பு கலையக்கூடாது

2010 வாக்கில் ஆரணியில் பட்டுக்கடைக்கு இணையதளம் வைப்பதே அபூர்வம். வைத்தவர்களும் சேலைப் படத்தின் கீழே போன் நம்பரைப் போட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் வேலை பார்த்துக் கொடுத்த கடை மட்டும் துணிந்து ஆன்லைனில் ஆர்டர் வாங்கியது. அதற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். அப்போது அதைப் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும்; மூன்றாண்டுக்குச் சேர்த்து வாங்கலாம். சான்றிதழும் அதன் ரகசியச் சாவியும் சேர்ந்த பிஎஃப்எக்ஸ் கோப்பை, வாங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிடியில் எழுதிக் கொடுத்தேன். முதலாளி அதை ஜரிகைக் கட்டு வைக்கும் பீரோவிலேயே பூட்டினார். அதற்கு அதைவிடச் சரியான இடம் கிடையாது.

தளம் ஓடிய சர்வர் விண்டோஸ் சர்வர் 2003. 2015 ஜூலை 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கு ஆதரவை நிறுத்தியதால், அதிலிருந்த இணைய சர்வர் மென்பொருளான ஐஐஎஸ் 6-லிருந்து ஐஐஎஸ் 8.5-க்கு எல்லாவற்றையும் மாற்றவேண்டி வந்தது.

"தம்பி, ஒரு இழை அறுந்துடாம கொண்டுபோயிடலாமா?" என்றார் முதலாளி.

தறி பார்த்து வளர்ந்தவர் வேறு எப்படிக் கேட்பார்? பாவு தீர்ந்தால் விழுதையும் அச்சையும் கலைக்க மாட்டார்கள். பழைய இழையின் முனையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். பிணைத்து இழுத்தால், விழுதிலும் அச்சிலும் கோத்திருக்கும் பழைய கோப்பு வழியாகவே புதுப் பாவு வந்துவிடும். சர்வர் மாற்றமும் அப்படித்தான் நடந்தது. முதலில் நிறுவும்போதே சாவியை வெளியே எடுக்க அனுமதி குறித்திருந்ததால் சிடியில் எல்லாம் இருந்தது. இல்லையென்றால் சான்றிதழை மறுபடி கேட்டு வாங்க வேண்டியிருக்கும். இடைநிலைச் சான்றிதழையும் மறக்காமல் ஏற்றவேண்டும். அது விட்டுப்போனால் கணினியில் ஒழுங்காகத் திறக்கும் தளம் சில போன்களில் மட்டும் எச்சரிக்கை காட்டும். எல்லாப் பழைய அமைப்பையும் கொண்டுபோகவும் கூடாது. எஸ்எஸ்எல் 3.0 என்ற பழைய பாதுகாப்பு நெறிமுறையில் இருந்த ஓட்டை 2014-இலேயே அம்பலமாகியிருந்தது. அதைப் பழைய சர்வரோடு விட்டுவந்தோம்.

இன்று நிலைமை தலைகீழ். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு சான்றிதழை இலவசமாகத் தருகிறது. 2018 ஜூலையில் குரோம், சான்றிதழ் இல்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று காட்டத் தொடங்கியபின் சின்னக் கடைகளும் வாங்கிவிட்டன. நல்லதுதான். ஆனால் 90 நாளில் காலாவதியாகும் சான்றிதழைப் பீரோவில் வைத்து என்ன பயன்? அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று சொல்லிவிடுகிறார்கள், கடைக்காரரும் மறந்துவிடுகிறார்.

சிக்கல் சர்வர் மாற்றும்போது வருகிறது. தளத்தைப் புதிய இயந்திரத்துக்குக் கொண்டுபோகிறார்கள், சான்றிதழையும் நகலெடுக்கிறார்கள், அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகத் திறக்கிறது. புதுப்பிக்கும் வேலை மட்டும் பழைய இயந்திரத்திலேயே தங்கிவிடுகிறது. சில வாரம் கழித்து, முகூர்த்தச் சேலை பார்க்க வந்த வாடிக்கையாளரின் போனில் எச்சரிக்கை வருகிறது. அவர் ஒரு நிமிடமும் யோசிக்காமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார். சரிசெய்யலாம் என்று பார்த்தால், டொமைன் எப்போதோ தளம் செய்துகொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போன ஒருவர் பெயரில் இருக்கிறது. இதை நான் பல கடைகளில் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. இனி காசு கொடுத்து வாங்கும் சான்றிதழுக்கும் ஆயுள் குறைவுதான்: 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று முடிவாகியிருக்கிறது.

சேலை அசல் பட்டா என்பதைச் சில்க் மார்க் முத்திரை சொல்லும். இது உங்கள் கடையின் விலாசம்தான் என்று இணையத்தில் சொல்ல இந்தச் சான்றிதழ்தான் இருக்கிறது. அன்று சாவியைப் பூட்டிவைத்தால் போதும். இன்று டொமைன் யார் கையிலோ, சான்றிதழ் பெறும் அதிகாரமும் அவர் கையில்தான். ஆரணி கடைக்காரர்களே, அடுத்த முறை சர்வர் மாற்றுவதற்கு முன் டொமைனை உங்கள் பெயருக்கு எழுதி வாங்குங்கள். மாற்றியபின், புதுப்பிக்கும் வேலையைப் புதிய இயந்திரத்தில் உங்கள் எதிரிலேயே ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.