நான் காப்பாற்றிய பெண்கள்

பெண்களைக் காப்பாற்றுவதற்கென்றே பிறந்தவன் நான் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், கோவில்பட்டி தியேட்டர்களைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். படிக்கிற வயதில் பார்த்த படங்களில் எல்லாம் கதாநாயகிக்கு ஏதாவது ஓர் ஆபத்து வரும். ரவுடிகளிடம் மாட்டுவாள், மலை உச்சியில் கால் தவறுவாள், ஒன்றுமே இல்லாவிட்டால் மழையிலாவது நனைவாள். சொல்லி வைத்தாற்போல ஒருத்தன் வந்து சேர்வான். வேலை கிடைத்து சிறுசேரிக்கு வந்தபோது ஒரு பெட்டி, ஒரு தலையணை, இந்த நினைப்பு மூன்றும் என்னோடு வந்தன. பெட்டியின் ஜிப் முதல் மாதமே போய்விட்டது. நினைப்பு மட்டும் ரொம்ப நாள் உழைத்தது.

சென்னையில் எவளும் மலை உச்சியில் நிற்கவில்லை என்பதுதான் சிக்கல். ஓஎம்ஆரில் நான் பார்த்த பெண்கள் தோளில் லேப்டாப் பை, கையில் டிபன் பாக்ஸ் சகிதம் என்னைவிட வேகமாக நடந்தார்கள். காப்பாற்ற ஆள் கிடைக்காத வீரன் சும்மா இருப்பானா? ஆபத்தையும் அவனே தயாரித்துக்கொள்வான்.

முதலில் மாட்டியவர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். ஒரு நாள் மாலை இருவரும் ஒரே மாநகரப் பேருந்தில் ஏறினோம். நல்ல கூட்டம். கண்டக்டர் எங்கோ முன்னால் நின்றார். அந்தப் பெண் பையைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, தலைகளுக்கு மேலே நூறு ரூபாயை நீட்டி, "ரெண்டு வேளச்சேரி" என்றேன். குரலில் தேவையில்லாத ஒரு கம்பீரம். நோட்டு கை மாறிக் கை மாறி முன்னால் போயிற்று. அதே கைகள் வழியாக ஒரே ஒரு டிக்கெட்டும் சில்லறையும் திரும்பி வந்தன. பின்னாலேயே கண்டக்டரின் குரலும் வந்தது: "லேடீஸுக்கு ஃப்ரீப்பா. நீ உனக்கு மட்டும் எடு!"

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. தமிழ்நாட்டில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அப்படியும் தெரியாமல் ஒருத்தன் ஏறிவிடுவான் என்றுதானோ என்னவோ, அடுத்த வருடமே வண்டியின் முகத்தில் பிங்க் பெயின்டும் அடித்தார்கள். அந்த பிங்க் முகத்தைப் பார்த்து கை காட்டித்தான் நான் ஏறியிருந்தேன். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை, பாடம் எடுத்தார். இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு கணக்கு எடுத்திருக்கிறதாம். வீட்டு வேலைக்குப் போகும் அவருடைய அம்மா அந்தக் காசில் சீட்டுக் கட்டுகிறாராம். நான் தலையை ஆட்டிக்கொண்டே, கூச்சத்தில் கண்ணில் பட்ட காலி இருக்கையில் உட்கார்ந்தேன். இடதுபக்க வரிசை. "தம்பி, இது லேடீஸ் சீட்டு" என்றார் ஒரு பாட்டி.

அடுத்தது கதவு. எங்கள் கட்டடத்துக்குள் நுழைய ஐடி கார்டைத் தேய்க்க வேண்டும். ஒரு நாள் காலை, இரண்டு கையிலும் காபிக் கோப்பையோடு ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். முன்பின் தெரியாதவர். நான் என் கார்டைத் தேய்த்து, கதவைத் தோளால் பிடித்துக்கொண்டு, லேசாகக் குனிந்து வழிவிட்டேன். மறுநாள் செக்யூரிட்டியிடமிருந்து மெயில் வந்தது. ஒருவர் கார்டில் இருவர் நுழைவது டெயில்கேட்டிங் என்ற குற்றம், மறுமுறை நடந்தால் மானேஜருக்குப் போகும். அந்த மெயிலைப் படித்து முடிப்பதற்குள் காபிக்காரரே என் மேஜைக்கு வந்துவிட்டார். "நேத்து கதவு திறந்துவிட்டது நீங்கதானே? அங்க என் பேர்ல ஒரு என்ட்ரி விழணும். விழாததால எனக்கு அரை நாள் லீவு போயிடுச்சு. ஹெச்ஆர்கிட்ட மெயில்ல சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். குனிந்து வழிவிட்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஹோட்டல் பில்லைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. யுபிஐ வந்தபின் பில்லுக்கு அடித்துக்கொள்ளும் நம் ஊர்க் கலையே செத்துவிட்டது. யார் போன் முதலில் கியூஆர் கோடுக்கு மேலே போகிறதோ அவர்தான் வென்றவர். ஒரு மாதக் கடைசியில் நான் அப்படிப் பாய்ந்து வென்றேன். என் கணக்கில் போதிய பணம் இல்லை என்று எல்லோரும் பார்க்கும்படி போன் சொல்லிற்று. எதிரில் இருந்த தோழி ஒன்றும் பேசாமல் பணத்தைக் கட்டினாள். வெளியே வருவதற்குள் என் பங்கைக் கேட்டு எனக்கு ஒரு ரிக்வெஸ்ட் வந்திருந்தது, பைசா சுத்தமாக.

அந்தத் தோழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. என் டீம். என்னைவிட ஒரு வருடம் சீனியர். சொந்தச் சம்பளத்தில் ஸ்கூட்டர் வாங்கியவள். என் வீரத்தில் பெரும்பகுதி அவள் தலையில்தான் விடிந்தது.

ஒரு நாள் ராத்திரி வேலை முடிய நேரமாகிவிட்டது. "உன்னை வீட்ல விட்டுட்டுப் போறேன்" என்றாள். இந்த வசனம் என்னுடையது அல்லவா என்று எனக்கு உறுத்தியது. "நான் ஓட்டவா?" என்று கேட்டேன். "எதுக்கு?" என்றாள். பதில் தெரியவில்லை. 1993-லேயே வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்ட மாநிலத்தில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் இருக்க முடியும்? பின்னால் உட்கார்ந்தேன். கூடுதல் ஹெல்மெட்டை நீட்டினாள். பூப்போட்டிருந்தது. "பரவாயில்லை, எனக்கு வேணாம். நீ சேஃபா இருந்தா போதும்" என்றேன். அந்த வசனத்தை மனதுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தும் ரசித்தேன். சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டி டிராஃபிக் போலீஸ் கை காட்டினார். பின்னால் இருப்பவர் ஹெல்மெட் போடாததற்கு அபராதம் 1,000 ரூபாய். இ-சலான் வண்டி எண்ணுக்கு வரும், வண்டி அவள் பெயரில் இருக்கிறது. வழியெல்லாம் அவள் பேசவில்லை. என் தெருமுனையில் இறக்கிவிட்டு, "மேல போனதும் ரீச்டுன்னு ஒரு மெசேஜ் போடு. தெருவுல நாய் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாய்கள் விஷயத்தில் அவள் சொன்னது சரி.

இவையெல்லாம் சில்லறை. பெரிய சேதம் வீடு பார்க்கப் போனபோது நடந்தது.

விடுதிச் சாப்பாடு அலுத்து அவள் தனியாக வீடு தேடிக்கொண்டிருந்தாள். ஆதம்பாக்கத்தில் ஒரு படுக்கையறை வீடு, வாடகை 16,000. "சும்மா கூட வா. கட்டில் நுழையுமான்னு அளக்கணும், டேப்போட இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேணும். பேச்செல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று தெளிவாகச் சொல்லித்தான் அழைத்துப் போனாள்.

வீட்டுக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். நல்ல மனிதர், காபி கொடுத்தார். ஆனால் ஒரு கேள்வியைக்கூட அவளைப் பார்த்துக் கேட்கவில்லை. "தம்பி எந்த ஊர்?" "பாப்பா எங்க வேலை பார்க்குது?" "சமைப்பாங்களா, வெளியில சாப்பாடா?" எல்லாம் என்னிடம். வாடகை கொடுக்கப்போகிறவள் என் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். பதில்கள் எல்லாம் அவளிடமிருந்துதான் வந்தன. ஆனால் அவர் தலையாட்டியது என்னைப் பார்த்து.

பத்து மாத அட்வான்ஸ் கேட்டார். "அங்கிள், 2019-லேர்ந்து நடைமுறையில இருக்கிற வாடகைச் சட்டப்படி, ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டாலொழிய மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாது. 48,000 தர்றேன். ஒப்பந்தம் எழுதிப் பதிவும் பண்ணிடலாம்" என்றாள். எனக்கு இது புதுச் செய்தி. என் வீட்டுக்குப் பத்து மாதம் கொடுத்துவிட்டு, பேரம் பேசியதாக வேறு ஊரில் சொல்லி வைத்திருந்தேன். அவர் யோசித்தார். கடைசியில் ஆறு மாதத்துக்கு இறங்கினார். ஒரே ஒரு நிபந்தனை: "பாப்பாவோட அப்பா வந்து கையெழுத்துப் போடணும்."

பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அறுபது வருடம் கழித்து, 1989-ல், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆதம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே பரங்கிமலை ஸ்டேஷன். அங்கே ரயில் ஏறினால் நேரே செங்கல்பட்டில் இறங்கலாம். செங்கல்பட்டுத் தீர்மானம் மட்டும் அந்த வீட்டு மாடிப்படியை இன்னும் ஏறி முடிக்கவில்லை. அப்பாவின் சொத்தில் பங்கு கேட்க மகளுக்குச் சட்டம் இருக்கிறது. வாடகை வீட்டுக்கோ அப்பாவே வந்தாக வேண்டும்.

அவள் அதையும் பொறுமையாகவே எடுத்துச் சொன்னாள். அவரும் மெல்ல இளகிக்கொண்டிருந்தார். இன்னும் ஐந்து நிமிடம் நான் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தால் சாவி அவள் கையில். ஆனால் பொறுப்பான ஆண் ஒருவன் உறுதி கொடுத்தால் காரியம் முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "சார், நீங்க கவலையே பட வேணாம். நைட்ல எத்தனை மணிக்கு ஏதாவதுன்னாலும் நான் இங்க வந்துடுவேன்."

வீட்டுக்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நைட்ல வருவீங்களா?" என்றார். உள்ளிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார். அப்புறம் எல்லாம் மரியாதையாகவே முடிந்தது. ஊரிலிருந்து சொந்தக்காரப் பையன் ஒருத்தன் வருவதாக இருக்கிறது, முடிவானதும் போன் பண்ணுகிறோம் என்றார்கள். பண்ணவில்லை.

கீழே இறங்கி வந்ததும் அவள் கத்தவில்லை. டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டே, "உன்கிட்ட ஒண்ணு கேட்கட்டுமா?" என்றாள். "தீபாவளி ஆன்காலை மாத்திக்கிறியான்னு அன்னைக்குக் கேட்டேனே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. எங்கள் வேலையில் பண்டிகை நாளிலும் ஒருவர் போனும் லேப்டாப்புமாக விழித்திருக்க வேண்டும். அந்தத் தீபாவளிக்கு அவள் பெயர் விழுந்திருந்தது. அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, மாற்றிக்கொள்ள முடியுமா என்று என்னிடம் கேட்டாள். ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று என்று சொன்னேன். போடவில்லை. கடைசி நாளில் ஆம்னி பஸ்ஸுக்கு விமானக் கட்டணம் கொடுத்துப் போய், வீட்டில் தூங்கினேன்.

அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். அவள் கேட்காமலேயே நான் செய்தவை எத்தனையோ. கேட்டவை இரண்டே இரண்டு. ஒன்றில் பொய் சொன்னேன், இன்னொன்றில் வாயைத் திறந்தேன். காப்பாற்றுவது சுகமான வேலை. நேரம், இடம், வசனம் எல்லாம் நம் இஷ்டம். பார்க்க நாலு பேர் இருப்பார்கள். கேட்ட உதவி அப்படியில்லை. நமக்கு வசதிப்படாத நாளில், ஒருவரும் பார்க்காத இடத்தில், பெரும்பாலும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது. அதை எந்தப் படத்திலும் காட்டவில்லை. கதாநாயகன் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டதாக நான் பார்த்த கதை ஒன்றுகூட இல்லை.

திருந்திவிடுவது என்று தீர்மானித்தேன். பொங்கல் ரோஸ்டர் வந்தது. அதிலும் அவள் பெயர். நேரே மானேஜரிடம் போனேன். "அவங்க ஊருக்குப் போகட்டும் சார், பொங்கல் முழுக்க நான் பார்த்துக்கிறேன்" என்றேன். சாட்சிக்கு ஒருவரையும் வைத்துக்கொள்ளவில்லை. அம்மாவிடம் போன் பண்ணி வர முடியாது என்று சொல்லித் திட்டும் வாங்கிக்கொண்டேன். பரம திருப்தி.

ரோஸ்டர் மாறிய மெயில் போன சூட்டோடு அவள் கூப்பிட்டாள்.

"டேய், யாரைக் கேட்டு மாத்தின?"

"நீ ஊருக்குப் போகணும்ல..."

"நான் எங்கடா போகணும்னு சொன்னேன்? அம்மாவை இங்க வரச் சொல்லியிருக்கேன். பண்டிகை ஆன்காலுக்கு டபுள் அலவன்ஸ். வீட்டு அட்வான்ஸுக்காக நானே கேட்டு வாங்கின ஷிஃப்ட் அது."

எனக்குப் பேச்சு வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, "மானேஜர்கிட்ட சொல்லி, திரும்ப உன் பேருக்கே மாத்திடவா?" என்றேன்.

"மாத்து. இப்பத்தான் முதல் தடவையா என்னைக் கேட்டுட்டு ஒரு வேலை செய்யப்போற" என்றாள்.

மெயில் எழுதினேன். அனுப்புவதற்கு முன் சிசியில் அவள் பெயரைப் போடலாமா என்று அதையும் கேட்டுக்கொண்டேன். வேண்டாம் என்றாள்.