பூவே, நீயுமா?

? பூ என்றால் தேனீக்குச் சோறு போடும் இடம். அங்கேயே விஷம் வைக்கும் மரங்கள் உண்டாமே? ரீல்தானே?
(ஈரோடு வாசகர்)

ரீல் இல்லை. கலிஃபோர்னியாவில் பக்கை என்றொரு மரம். மே, ஜூனில் வெள்ளைக் கொத்தாகப் பூத்து ஆளை அசத்தும். மற்றதெல்லாம் வெயிலில் காயத் தொடங்கும் நேரம் என்பதால் தேனீக்கள் அங்கேதான் போய் விழும். கொஞ்ச நாளில் பெட்டிக்குள் கோளாறு ஆரம்பம். வளர்ந்த தேனீக்கள் ரோமம் உதிர்ந்து, கறுத்துப் பளபளவென்று, நடுங்கிக்கொண்டு திரியும். ராணி இடும் முட்டைகள் பொரியாமல் போகும். தப்பி வளர்ந்து வருவதும் சுருங்கிய சிறகோடு வரும். பக்கை பூக்கும் முன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவதுதான் அங்கே தேனீ வளர்ப்பவர்கள் கண்ட வைத்தியம். அதே மரத்துக் கொட்டையை இடித்து ஓடையில் கலக்கி, மீனை மயக்கிப் பிடித்தவர்கள் அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகள். நம் பக்கத்தில் காக்காய்க்கொல்லி விதை பார்த்த அதே உத்தியோகம். மரத்தின் குணம் அவர்களுக்குத் தெரியும். தேனீக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

? அப்புறம் அந்த மரத்துக்கு மகரந்தம் யார் சுமப்பது? சொந்தச் செலவில் சூனியமா?
(திருச்சி வாசகி)

சொந்த ஊர்க்காரர்கள் சுமக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் பூர்வீகத் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் அதே பூவில் குடித்து ஏப்பம் விட்டுப் போகின்றன. சாவது பெட்டியில் வளர்க்கும் ஐரோப்பியத் தேனீ. அது அந்த மண்ணுக்கு வந்ததே 1853-ல், கப்பலில்! நியூசிலாந்திலும் இதே கதை. கரக்கா மரம் மண்ணின் மைந்தன். தேனீயோ 1839-ல் மேரி பம்பி என்ற பெண்மணி கூடையோடு கொண்டுவந்த விருந்தாளி. கரக்காவில் வாய் வைத்தால் காலி. அயர்லாந்தில் தலைகீழ்: தேனீ பழசு, ரோடோடெண்ட்ரான் என்ற பூஞ்செடி புதுசு. அந்தப் பூவின் விஷம் கலந்த சர்க்கரைப் பாகை ஆய்வுக்கூடத்தில் கொடுத்தபோது தேனீக்கள் சில மணி நேரத்தில் செத்தன. பம்பிள்பீ என்ற குண்டுத் தேனீயை அது அசைக்கவே இல்லை. ஆக, இரண்டில் ஒருவர் ஊருக்குப் புதுசு. புகுந்த வீட்டுச் சாம்பார் முதல் வாரம் ஒத்துக்கொள்ளாததுபோல என்று எழுத வந்தேன். வீட்டில் படிப்பார்கள், வேண்டாம்.

? அந்த ரோடோடெண்ட்ரான் தேனை நாம் சாப்பிட்டால்?
(காரைக்குடி வாசகர்)

கி.மு. 400 வாக்கிலேயே சாப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. கருங்கடலோரம், இன்றைய ட்ரப்சோன் பக்கம், கிரேக்கப் படை வழியில் கிடைத்த தேனை வழித்து நக்கியது. வாந்தி, பேதி, நிற்க முடியாத மயக்கம். தோற்ற படைபோல் தரையெல்லாம் ஆட்கள். கூட இருந்த செனபோன் எழுதி வைத்திருக்கிறார். யாரும் சாகவில்லை, மூணு நாலு நாளில் எழுந்து நடந்தார்கள்.

? எங்கள் எஸ்டேட் ரோட்டில் சிவப்பாகப் பூக்கும் ஆப்பிரிக்க துலிப் மரம் தேனீயைக் கொல்லும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வெட்டிவிடலாமா?
(வால்பாறை வாசகர்)

மொட்டைப் பிதுக்கி அடுத்தவன் சட்டையில் தண்ணீர் பீய்ச்சினோமே, அந்த மரம்தான். வாட்ஸ்அப் இந்த ஒரு தடவை புளுகவில்லை. பிரேசிலின் சாண்டா கட்டரீனா மாநிலம் இதன் நாற்றை வளர்க்கவும் நடவும் 2019-ல் தடைச் சட்டமே போட்டது. அங்கே பூவுக்குள் செத்துக் கிடந்தவற்றில் அதிகம் கொடுக்கில்லாத சின்னத் தேனீக்கள், அதாவது நம் கொசுத்தேனீயின் பங்காளிகள். பூவின் தேன்மேலும், மொட்டிலிருந்து வரும் வழவழப்பின்மேலும் சந்தேகம். ஆப்பிரிக்காவில் பறவைகளுக்கென்று அளவெடுத்துச் செய்த கிண்ணம் அது. நம் ஆள் போய் விழுகிறான்.

போன மாதம் உங்கள் ஊருக்கு வந்தபோது, உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தேன். அரை ஸ்பூன் பழுப்புத் தண்ணீர், விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு, நாலு எறும்பு, சிறகு முதுகோடு ஒட்டிப்போன ஒரு கொசுத்தேனீ. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. அடுத்த பூவில் வெறும் தண்ணீர். மூன்றாவதில் வெறும் எறும்பு. மூன்று பூவை வைத்து மரத்துக்குத் தூக்கு எழுத என்னால் ஆகாது. நிற்பது நிற்கட்டும், புதிதாக நடாதீர்கள். ரோட்டோரம் வைக்க நாவல் கன்றுக்கா பஞ்சம்?

? மரத்தின்மேல் பழி போடுகிறீர்களே, மருந்தடிப்பவனை ஏன் விட்டீர்கள்?
(தேனி வாசகர்)

தேனியிலிருந்து தேனீக்கு வக்கீல்! சரி, விசாரிப்போம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், வில்சன்வில், 2013 ஜூன். கார் நிறுத்துமிடம் ஒன்றில் 55 லிண்டன் மரங்கள். பூத்துக் குலுங்கியவற்றின் அடியில் 50,000-க்கு மேல் பம்பிள்பீக்கள் செத்துக் கிடந்தன. லிண்டன் ஏற்கெனவே கேடி லிஸ்டில் உள்ள மரம்: அதன் தேனில் மேனோஸ் என்ற ஆகாத சர்க்கரை இருப்பதாக வெகுகாலப் பேச்சு. விசாரித்தால், அசுவினிக்காக டைனோடெஃபுரான் மருந்தைப் பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே அடித்திருந்தார்கள். மேற்கொண்டு சாகாமலிருக்க மரங்களுக்கு வலையால் முக்காடு போட வேண்டியதாயிற்று.

2017-ல் லண்டன் கியூ தோட்டத்து ஆய்வாளர்கள் பழைய ஃபைலைத் தூசி தட்டினார்கள். மேனோஸ் குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனால் மருந்து படாத லிண்டன் அடியிலும் பம்பிள்பீக்கள் சாகின்றனவே? பட்டினியாக இருக்கலாம் என்றார்கள். தேனில் உள்ள காஃபின், சுரப்பு வற்றிய பிறகும் அவற்றை அதே மரத்துக்கு இழுக்கிறதோ என்று ஒரு சந்தேகம். காபி மட்டமாகிப் பத்து வருஷமான பிறகும் அதே மெஸ்ஸில் போய் உட்காரும் எனக்கு அந்தப் பூச்சியின் நிலைமை புரிகிறது.

? கன்னியாகுமரித் தேன் வாங்கினேன். ரப்பர் மரத்துத் தேன் என்கிறார்கள். ரப்பர் பால் கலந்திருக்குமா?
(விழுப்புரம் வாசகி)

தாராளமாகச் சாப்பிடுங்கள். அது பூவில் எடுத்த தேனே இல்லை. ரப்பர் தளிர்விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சுரப்பி கசியும். அந்த இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது. பால் பட்டைக்குள், அது தனி டிபார்ட்மென்ட்.

? எங்கள் தெருக் கோயிலில் அரளி. தேனீக்கு ஆபத்தா?
(கும்பகோணம் வாசகர்)

அரளிப்பூவில் தேனே கிடையாது. நிறத்தைக் காட்டி வரவழைத்து வெறுங்கையோடு அனுப்பும் ரகம். விஷம் வைக்கிற அளவுக்குக்கூட உபசாரம் இல்லை.

? உங்களைத் தேனீ கொட்டியதுண்டா?
(பெயர் சொல்ல விரும்பாத வாசகர்)

வால்பாறையில் நாலாவது பூவையும் கவிழ்த்தேன். அடுக்குத்தேனீ ஒன்று அசைவில்லாமல் விழுந்தது. பாவம் என்று விரலால் தடவி, மனசுக்குள் இரங்கற்பா ஆரம்பித்தேன். முதல் வரி முடியவில்லை, விரல் வீங்கிவிட்டது.