பேரிகேடு சார்

சென்னை லஸ் முனையைச் சுற்றியுள்ள ஆபீஸ்களில், ஆபீசுக்கு ஒருவராவது பேரிகேடு சார் இருப்பார். அதற்கு முன்னால் அவர் கேஷியராகவோ ஹெட் கிளார்க்காகவோ சாதுவாகக் காலம் தள்ளியவராக இருக்கலாம். மெட்ரோ வேலைக்காகச் சாலை நடுவே தகர வேலி நட்ட அன்றைக்குத்தான் அவருக்கு உபநயனம் நடந்தது.

எங்கள் பேரிகேடு சார் மந்தைவெளிக்காரர். ஆபீசுக்கு நடந்தே வருகிறவர். ஆனாலும் பத்தே முக்காலுக்கு உள்ளே நுழைந்து, "ஆர்.கே. மடம் ரோட்டுல டைவர்ஷன் சார், மனுஷன் வர முடியுதா?" என்று நெற்றியைத் துடைத்துக்கொள்வார். தாம்பரத்திலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக மாறி வருகிற டெஸ்பாட்ச் அக்கா அதற்குள் தபாலையெல்லாம் பதிந்து முடித்து இரண்டாவது காபியில் இருப்பார். மேனேஜர் மதுரையிலிருந்து மாற்றலாகி வந்தவர். சென்னையில் எது எதற்குப் பக்கம் என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. "பாவம், சார்" என்பார்.

உண்மையில் சார் ஒன்பது மணிக்கே லஸ்ஸில் ஆஜர். வேலியில் இரண்டு தகடு சேருகிற இடத்தில் ஒரு விரற்கடை சந்து உண்டு. அதில் ஒரு கண்ணை வைத்துவிட்டு மறு கண்ணால் டீக்கடைக்காரருக்குப் பாடம் நடத்துவார்.

"முதல்ல சுத்திலும் டி-வால்னு மண்ணுக்குள்ள ஒரு சுவர் போடுவான். குழி வெட்ட வெட்ட மண்ணு சரியாம இருக்கணும்ல? அதுக்கு பென்டோனைட் கரைசலை ஊத்துவான். தண்ணியாக் கரைச்ச மாவு பதம். அப்புறம் கம்பிக்கூட்டை இறக்கி, குழாய் வழியா அடியிலேர்ந்து கான்கிரீட் ஏத்துவான். மாவு தானா மேல வந்துடும்."

டீக்கடைக்காரர் சர்க்கரை வேண்டுமா என்று கேட்பார்.

சொல்வதில் தப்பு கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். லஸ்ஸில் அமையும் திருமயிலை மெட்ரோ நிலையத்தில் இரண்டு தடங்கள் சந்திக்கின்றன. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்குப் போவது ஒன்று, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போவது இன்னொன்று. இடம் குறுகல் என்பதால் பாதைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்க வேண்டியிருக்கிறது. ஆழம் சுமார் 35 மீட்டர். "எல்.ஐ.சி. பில்டிங்கைத் தூக்கி உள்ள வெச்சா பாதிக்கு மேல முழுகிடும்" என்று சார் சொல்லும்போது, தோண்டியதே அவர்தான் என்று தோன்றும்.

சுரங்கம் துளைக்கிற இயந்திரங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அதில்தான் அவருக்கு அபாரக் குஷி. கலங்கரை விளக்கத்திலிருந்து 2023இல் புறப்பட்டதன் பெயர் ஃபிளமிங்கோ. "ஃபிளமிங்கோ கச்சேரி ரோட்டுக்கு அடியில வந்துட்டிருக்கு" என்று ஒருநாள் கவலையோடு சொன்னார். சொந்த மகள் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று அந்தக் குரலில் அவர் விசாரித்து நான் கேட்டதில்லை. பாறை தட்டுப்பட்டு மெஷின் மெதுவாகப் போகிறது என்று பேப்பரில் வந்தால் அன்றைக்கு டிஃபன் பாக்ஸில் பாதி அப்படியே இருக்கும்.

வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுப் பிள்ளைகளிடமும் தோழமை. "கித்னா மீட்டர் ஹோகயா, பாய்?" என்று வேலிக்கு மேலே குரல் கொடுப்பார். "ஓரமா நில்லுங்கண்ணா, கிரேன் வருது" என்று நல்ல தமிழில் பதில் வரும்.

இத்தனை பிரியத்தோடு, வாரம் தவறாமல் தலைமை அலுவலகத்துக்குப் புகாரும் எழுதுவார். தூசி, சத்தம், அதிர்வு. ரெக்கார்ட் ரூம் சுவரில் ஒரு விரிசல் உண்டு. அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்து, வளர்கிறதா என்று வெள்ளிக்கிழமைதோறும் பார்ப்பார். ஒருநாள் பழைய கட்டு ஒன்றைப் பிரித்தபோது, அதே சுவர், அதே விரிசல் பற்றி இன்னொரு புகார் கிடைத்தது. பறக்கும் ரயில் 1997இல் லஸ் வரை வந்ததே, அதற்குத் தூண் எழுப்பிய காலத்தில் எழுதியது. கையெழுத்து சாருடையதேதான். அன்றைக்கு அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்.

புகார் எழுதுகிறவர்களுக்கு நேரக்கூடிய பெரிய ஆபத்து, அதை யாராவது படித்துவிடுவது. தலைமை அலுவலகத்தில் ஒரு புது அதிகாரி படித்துவிட்டார். பணியாளர் நலன் கருதி, மெட்ரோ வேலை முடியும் வரை அலுவலகம் அண்ணா நகருக்கு மாற்றப்படும் என்று உத்தரவு வந்தது. ஏ.சி. ஹால், கார் நிறுத்த இடம். அண்ணா நகரில் மெட்ரோ ஓட ஆரம்பித்தே பல வருஷமாகிறது. அந்தப் புது ஆபீஸ் வாசலில் சாருக்குத் தோண்டிப் பார்க்க என்ன இருக்கிறது? மேனேஜர் லட்டு வரவழைத்தார். சார் தொடவில்லை.

மறுநாள் சார் பத்து மணிக்கே வந்து டைப்பிஸ்ட் எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"எழுதிக்கோம்மா. பொருள்: கட்டுமான இரைச்சல், முன்னர் அளித்த புகார்களைத் திரும்பப் பெறுதல், தொடர்பாக."

வெளியே துளையிடும் ரிக் பாறையில் இறங்கியிருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"என்ன சார்?"

"இரைச்சல் அறவே இல்லைன்னு எழுதும்மா!"

"கேக்கல சார்!"

சார் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, ஆபீசே திரும்பிப் பார்க்கக் கத்தினார்: "இரைச்சல்! அறவே! இல்லை!"