எண்பத்தைந்து குதிரைக்கு ஒரு மூக்கு

கோவை காந்திபுரத்து ஹார்டுவேர் கடையில் ஒருவர் 75 எம்எம் பிவிசி குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து, பிறகு அதில் வாயை வைத்து ஊதினால், வீட்டில் கக்கூஸ் அடைத்துக்கொண்டது போல என்று பரிதாபப்பட்டுவிடாதீர்கள். அவரிடம் ஒரு பழைய கார் இருக்கிறது.

"எத்தனை பாத்ரூமுங்ணா?"

"பாத்ரூம் இல்லீங். எஸ்டீமுங்."

கடைக்காரர் மறுபேச்சில்லாமல் லாங் பெண்டை எடுத்து வைப்பார். எல்போ ஆகாது. காற்றுக்குச் சட்டென்று திரும்பப் பிடிக்காது என்பது அவருக்கும் மனப்பாடம். பம்ப்செட்டுக்கும் ரேஸ் காருக்கும் ஒரே லேத்துப் பட்டறையில் வேலை நடக்கிற ஊர் இது. மாருதி 800 என்ஜினை வைத்தே கரிவரதன் பந்தயக் கார் செய்து காட்டிய ஊர். இங்கே பானெட்டுக்குள் எதையாவது கம்பெனி வைத்தபடியே விட்டுவைத்தால் கையாலாகாதவன் என்று பெயர் வந்துவிடும். சிறுவாணித் தண்ணீருக்கு ருசியோடு இந்தக் குணமும் உண்டு.

நம்மவருடையது 2001 மாடல். அவருடைய வாதத்திலும் பழுதில்லை. காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும். ஒரே மூச்சில் ஆக்சிஜன் அதிகம் போகும். அதற்கேற்பப் பெட்ரோலையும் அதிகம் எரிக்கலாம். 1298 சிசி என்ஜின் 6000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3900 லிட்டர் காற்றை இழுக்கும். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் நாலு என்று வையுங்கள். அவ்வளவையும் பானெட்டுக்குள் வெந்துகிடக்கிற காற்றாக ஏன் கொடுக்க வேண்டும்? பாலக்காட்டுக் கணவாய் பக்கத்திலேயே திறந்து கிடக்கிறதே! பெரும்பாலான கார்களில் கம்பெனிக் குழாயே வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"அது சளி புடிச்ச மூக்குங்" என்றார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. குழாயின் மேலிருந்த ஐஎஸ்ஐ எழுத்தை உப்புத்தாளால் தேய்த்து, கறுப்பு ஸ்பிரே அடித்தார். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் எழுத்து இன்னும் தெரியும். இணைப்புக்குப் பஞ்சர் கடையிலிருந்து வாங்கிய பழைய ட்யூப். அதன் மேல் ஓஸ் கிளிப். பிவிசி 80 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும் என்று தெரிந்ததும் சில்வர் டேப்பைச் சுற்றினார். குழாய், எலும்பு முறிந்து கட்டுப்போட்ட கை மாதிரி ஆனது. பாதிப் பேர் கூம்பு ஃபில்டரை என்ஜின் பக்கத்திலேயே மாட்டிவிட்டு அதைக் குளிர்காற்று என்பார்கள். அடுப்பு மேல் உட்கார்ந்து விசிறிக்கொள்கிற கேஸ். நம்மவர் அந்தப் பாவத்தைச் செய்யவில்லை. முறையாகக் குழாயை இறக்கி, பம்பருக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே ஃபில்டரைத் தொங்கவிட்டார்.

லாபத்தைப் பார்ப்போம். உள்ளே போகிற காற்று 10 டிகிரி குறைந்தால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும். 85 குதிரையில் அது இரண்டரைக் குதிரை, எல்லாம் சரியாக அமைந்தால். டிக்கியிலிருக்கும் ஸ்பீக்கர் பெட்டியையும் அரிசி மூட்டையையும் இறக்கிவைத்தாலே கார் துள்ளியிருக்கும். அதைச் சொல்லி நட்பைக் கெடுத்துக்கொள்வானேன்.

குடும்பத்தோடு எல் அண்ட் டி பைபாஸில் வெள்ளோட்டம். நீலாம்பூர் தாண்டியதும் ஏசியை அணைத்தார். கம்ப்ரெஸர் குதிரையைத் தின்னுமாம். கண்ணாடியையும் ஏற்றச் சொன்னார். திறந்திருந்தால் சத்தம் கேட்காதாம். ஆக்சிலரேட்டரை மிதித்தார். முன்னாலிருந்து, ஆஸ்துமாக்காரர் மாடிப்படி ஏறுவதைப் போல ஒரு பெரிய 'ஹோ'.

"கேட்டீங்களா? எப்படி இழுக்குது பாருங்!"

சத்தம் கூடியது உண்மை. அதை அடக்கத்தான் கம்பெனிக்காரன் பெட்டி வைத்திருந்தான். பக்கத்தில் ஒரு டவுன் பஸ் எங்களை அமைதியாக முந்திப் போனது. பின் சீட்டில் அவருடைய அம்மா ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டியால் விசிறிக்கொண்டார்.

"ஏன் கண்ணு, அந்தக் குளுந்த காத்து நம்ம பக்கம் வராதா?"

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மழை கொட்டியது. லங்கா கார்னர் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் என்பது பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். நம்மவரின் மூக்குக்குத்தான் தெரியவில்லை. பம்பர் நனைந்த நொடியில் 'ஹோ' நின்று 'களக்' என்று ஒரு சத்தம். காற்றானால் பிஸ்டன் அமுக்கிவிடும், தண்ணீர் அமுங்காது, அமுங்கவேண்டிய கட்டாயம் கனெக்டிங் ராடுக்கு வந்துசேரும். மெக்கானிக் பிரித்தெடுத்து மேஜையில் வைத்தபோது ஒரு ராடு, வணக்கம் சொல்கிற மாதிரி லேசாக வளைந்திருந்தது.

"குழாய் வேலை சுத்தமா இருக்குதுங்ணா" என்றார் மெக்கானிக். "எங்கயும் லீக்கே இல்லை."

பழைய ஃபில்டர் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். நானும் கூடப் போனேன். பரண் மேல் தேடினோம், படிக்கட்டுக்கு அடியில் தேடினோம், காணோம். கடைசியில் சமையலறை மூலையில் இருந்தது, நிறையச் சின்ன வெங்காயத்தோடு.

"எடுக்காத கண்ணு" என்றார் அம்மா. "நல்லாக் காத்தோட்டமா இருக்குது. ஒண்ணுகூட அழுகல."