தாத்தாக்களை அருளும் சன்னிதானத்துக்கு

எங்கள் பெயர்களையெல்லாம் பதிந்து பரிபாலித்துவரும் மகாகனம் பொருந்திய அலுவலகத்தின் சன்னிதானத்துக்கு, திருமுல்லைவாயில்வாசியாகிய அடியேன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

சென்ற செவ்வாய்க்கிழமையன்று, பாட்டனார் விட்டுச்சென்ற மனைக்குப் பட்டா மாற்றும் பொருட்டு, உரிய கட்டணத்தையும் உரியதல்லாத சில்லறையையும் செலுத்திவிட்டு, வாரிசுச் சான்று வேண்டித் தங்கள் சாளரத்தின் முன் கைகட்டி நின்றிருந்த என்னை, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை நோக்கியருளிய தங்கள் குமாஸ்தா, வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்கும்படியாக, “இந்த மாசிலாமணிக்கு ஒரு எல்லு, கடைசில ஐ. நீங்க கொண்டாந்திருக்கிற மாசிலாமணிக்கு ரெண்டு எல்லு, கடைசில ஒய். யாரோ ஒருத்தரோட தாத்தாவுக்குச் சொந்தம் கொண்டாடறீங்களே, பெரியவரே!” என்று திருவாய் மலர்ந்தார். வரிசை சிரித்தது. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண்மணியும் சிரித்தாள். அவளை நான் குறை கூறமாட்டேன். அவள் முறை இன்னும் வரவில்லை.

உலகத்தில் சாமானியனாகப் பிறந்த எவனுக்கும் தந்தைவழியில் ஒரு தாத்தாதான் லபிக்கிறார். பிரம்மதேவனின் சக்தியே அவ்வளவுதான். தாங்களும் தங்கள் சகோதர அலுவலகங்களும் சேர்ந்து எனக்கு நால்வரை அருளியிருக்கிறீர்கள். பள்ளிச் சான்றிதழில் எழுந்தருளியிருப்பவர் ஒற்றை எல் தாத்தா. பணிப்பதிவேட்டில் இருப்பவர் இரட்டை எல்லும் ஒய்யும் பூண்ட தாத்தா. வீட்டுவரி ரசீதில் எஸ்ஸுக்குப் பின்னே ஒரு எச்சைச் சொருகி, ‘மாஷிலாமணி’ என்று வடமொழி வாசனையோடு விளங்குபவர் மூன்றாமவர். நான்காமவர்தான் விசேஷம்: இறப்புச் சான்றிதழில், முதலெழுத்துக்குப் பின் இரண்டு ஏ தாங்கிய நெடில் தாத்தா. இவர் பிறந்ததற்கோ படித்ததற்கோ உத்தியோகம் பார்த்ததற்கோ எந்த ஏட்டிலும் ஆதாரமில்லை. சாவதற்கென்றே தங்களால் சிருஷ்டிக்கப்பட்ட புண்ணியாத்மா. தை அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்துவைக்க வந்த சாஸ்திரிகளிடம் இந்த விவரத்தைச் சொன்னபோது, எள்ளுக்கு ஒன்றும் குறைவில்லை, தட்சிணையை மாத்திரம் நான்கால் பெருக்கிக்கொள்ளலாம் என்றார்.

மெய்யான தாத்தாவோ தம் பெயரை ஆயுளில் ஒரு தடவையாவது ஆங்கிலத்தில் எழுதினவரல்லர். எங்கள் ஊர்ச் சுவாமியாகிய மாசிலாமணீசுவரர் திருநாமத்தைத் தமக்கு வைத்த காரணத்தால், கையெழுத்திடும்போதெல்லாம் கொம்பும் சுழியும் பிசகாமல், தமிழில், ஒரே விதமாகத்தான் இட்டார். அவர் பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் அப்பெயரையே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டதும், தந்தை பெயரின் முதலெழுத்தோடு திருப்தியடைந்திருந்த எங்கள் சமூகத்தின் வழக்கத்தை விட்டு நாங்களாக விரும்பிச் செய்ததன்று. ‘குடும்பப் பெயர்’ என்றொரு கட்டத்தைத் தங்கள் படிவத்தில் அச்சிட்டு, அதைக் காலியாக விட்டால் படிவம் தள்ளுபடி என்று அறிவித்தவர்கள் தாங்கள்தான்.

இந்தத் தாத்தா வள்ளன்மை தங்கள் காலத்தில் தொடங்கியதன்று என்பதையும் அறிவேன். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது முதல், 1911 வரையில், ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, அவர்தம் பெயரையும் தகப்பன் பெயரையும் வயதையும் கிராமத்தையும் உடம்பிலுள்ள தழும்புகளையும் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதிக்கொண்ட துரைமாரின் கைவண்ணத்தில், முதலி மூட்லி ஆனார். கவுண்டர் கோவெண்டர் ஆனார். சுப்பிரமணியின் கடைசிப் பாதி ஆங்கிலேயர் பணத்தைக் குறிக்க எழுதும் எழுத்துகளாகவே மாறி, தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் 1997-இல் வழங்கிய பிரசித்தமான தீர்ப்பொன்றின் தலைப்பில் ஏறி அமர்ந்திருக்கிறது. எங்கள் கொள்ளுப்பாட்டனாரின் தம்பியார் ஒருவர் அப்படிக் கப்பலேறினார் என்பது வீட்டுச் செவிவழிச் செய்தி. ஆனால் அந்தத் துரைமாரிடத்தில் ஒரு நியாயம் இருந்தது: பெயரை எப்படிச் சிதைத்தாலும், ஆளுக்கு ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணைக் கொண்டு மனிதனை இனங்கண்டுகொண்டார்கள். ஒரு எல்லைக் காட்டி, ‘நீ உன் தகப்பனுக்குப் பிறந்தவனல்லன்’ என்று சொல்லவில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வேறொரு வழி வகுத்தார்கள். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதிய ஆணைப்படி, குல ஆசாரச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்படச் சம்மதித்தவர்கள் தமக்கென ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ளலாம் என்றாயிற்று. நீதிமன்றத்துக்குப் பாதரட்சை அணிந்து வந்தமைக்காக அவமதிக்கப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, ‘லா போர்த்’ என்று புதுப் பெயர் சூட்டிக்கொண்டு தலைநிமிர்ந்தார். கவனிக்க வேண்டும்: எழுத்தையும் அவரேதான் தேர்ந்துகொண்டார்.

ஒலியால் ஒன்றாகி எழுத்தால் வேறான பெயர்களை ஒரே கொத்தாகக் கட்டும் உபாயம் ஒன்றுக்கு, ராபர்ட் ரஸல் என்னும் அமெரிக்கர் 1918-லேயே காப்புரிமை பெற்றிருக்கிறார். பின்னர் திருத்தம் பெற்று வழங்கிவரும் அம்முறையின்படி, முதலெழுத்தை நிறுத்தி, உயிரெழுத்துகளைத் தள்ளி, ஓசை நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண்ணை இட்டு, மூன்று எண்ணோடு முடித்துக்கொள்ள வேண்டும். அந்நாட்டார் தம் பழைய குடிக்கணக்கு ஏடுகளையே 1930-களில் இப்படி அட்டவணைப்படுத்தினார்கள். என் நான்கு தாத்தாக்களையும் நான் ஒரு துண்டுக் காகிதத்தில் இட்டுக் கணக்குப் பார்த்தேன். ஒற்றை எல், எம் 245. இரட்டை எல், எம் 245. எச் சொருகப்பட்டவர், எம் 245. சாவதற்கென்றே பிறந்தவரும் எம் 245. பென்சிலும் காகிதமும் கொண்டு ஒரு கிழவன் நாலு நிமிஷத்தில் கண்டுகொண்டதை, குளிர்சாதன அறையில் வீற்றிருக்கும் தங்கள் கணினிக்கு எவரும் உபதேசிக்கவில்லை போலும்.

எங்கள் ஊர்ப் பெயரே ஆங்கிலத்தில் வாயில் என்றும் வாயல் என்றும் வோயல் என்றும் பலகைக்கொரு விதமாகத் தொங்குகிறது. அரசாங்கம் 2020 ஜூன் மாதத்தில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் உச்சரிப்புக்கு இசைய மாற்றுவதாக ஆணை வெளியிட்டு, வேலூருக்கு இரட்டை ஈ கொடுத்து, நாடே நகைத்தபின் சில தினங்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்போது, பழைய வேலூரும் புதிய வேலூரும் ஒன்றே என்று வேலூரிடம் எவரும் நோட்டரி முத்திரையுடன் பிரமாணப் பத்திரம் கேட்கவில்லை.

என் அத்தையிடம் கேட்டீர்கள். எழுபதைக் கடந்த விதவை. தகப்பனார் பெயர் ஒரு தாளில் ஐயிலும் மறுதாளில் ஒய்யிலும் முடிகிறது என்று, வரவேண்டிய ஓய்வூதியத்தை நிறுத்திவைத்து, ஒரு மழைக்காலம் முழுவதும் சி.டி.எச். ரோட்டுத் தண்ணீரில் அவளை நடக்க வைத்தீர்கள். அந்த ஒய்யை எழுதியது அவளா? அவளுக்கு ஆங்கில எழுத்தே தெரியாது. எழுதியது உங்கள் பேனா. பிழை உங்களுடையது, அலைச்சல் அவளுடையது, முத்திரைத்தாள் செலவும் அவளுடையது. இது என்ன தர்மம்? உங்களில் எவன் இதற்குப் பதில் சொல்வான்?

க்ஷமிக்க வேண்டும். பேனா சற்றே சறுக்கிவிட்டது. பேனா சறுக்குவதெல்லாம் தங்கள் சன்னிதானத்தில் சகஜமென்று அறிந்தே இவ்வளவு தைரியம் வந்தது.

மேலும், தங்கள் சிப்பந்திகள் எங்களைக் கண்டதும் முதுகைத் திருப்பிக்கொள்வதையும் நான் பிழையாகக் கருதுவதில்லை. எங்கள் கோயில் நந்தியும் சுவாமியைப் பாராமல் வெளிப்புறம் நோக்கித்தான் இருக்கிறார். குறும்பரோடு பொருத தொண்டைமானுக்குத் துணைபோகக் கிளம்பின கோலம் என்பது அதற்கு ஸ்தலபுராணம் கூறும் காரணம். தங்கள் சிப்பந்திகள் எவருக்குத் துணையாகக் கிளம்புகிறார்கள் என்பதைப் புராணமாகப் பாட இன்னும் புலவர் தோன்றவில்லை, தேநீர்க்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம்.

நிற்க. கெஜட்டில் அறிவித்துப் பெயரைத் திருத்திக்கொள்ளலாமே என்று குமாஸ்தா கருணையோடு ஆலோசனை கூறினார். அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் தாத்தா என்றும் உடனே சேர்த்துச் சொன்னார். அந்த வாக்கை வீட்டுக்கு வந்து ஆலோசித்ததில்தான் எனக்கு ஞானோதயமாயிற்று. தங்கள் ஏட்டின்படி இறந்தவர் நெடில் தாத்தா ஒருவரே. ஏனைய மூவருக்கும் இறப்புச் சான்று வழங்கப்படவில்லை. ஆகவே அவர்கள் சட்டப்படி சிரஞ்சீவிகள். பள்ளிச் சான்றிதழின்படி ஒற்றை எல் தாத்தாவுக்கு நூறு வயது எப்போதோ நிரம்பிவிட்டது. சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரு பேரனுமில்லாத அந்த அநாதைக் கிழவருக்கும் அவருடைய இரு சகாக்களுக்கும், அறுபது வயது பூர்த்தியான நாள் முதலாக முதியோர் உதவித்தொகையை நிலுவையோடு கணக்கிட்டு வழங்குமாறு பிரார்த்திக்கிறேன். பெற்றுக்கொள்ள அவர்களால் நேரில் வர இயலாதாகையால், உறவினன் அல்லாத அயலான் என்ற முறையில் நானே வருகிறேன். இரண்டாவது சாளரத்துக்கா, மூன்றாவதுக்கா என்பதை மட்டும் தெரிவிக்கவும்.

இங்ஙனம்,
எவருக்கும் பேரனாகாத,
மாசிலாமணி பேரன்

இணைப்பு: நான்கு தாத்தாக்களின் சான்றொப்பமிட்ட நகல்கள். ஐந்தாமவர் தங்கள் தட்டச்சரிடம் உருவாகிக்கொண்டிருக்கிறார்.